பெரியவர்களுக்கு முதலில் பயிற்சி கொடுங்கள்: நீலகிரியின் சிறுவர் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டத்தில் சாரணர் குழு, விளையாட்டுப் பயிற்சி, ஞாயிறு வகுப்பு, விடுமுறை வேதாகமப் பள்ளி, மாலை நேர டியூஷன், இயற்கை முகாம், நடனக் குழு, இளைஞர் மன்றம் என்று எந்தப் பெயரிலாவது பிள்ளைகளை ஒன்றுகூட்டிப் பணியாற்றும் நிர்வாகிகள் அனைவருக்கும்,

வணக்கம்.

கோடை விடுமுறைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. ஊட்டியில் சீசன் தொடங்கும்போது உங்கள் முகாம்களும் தொடங்கிவிடும். துண்டறிக்கைகள் இப்போதே கடைச் சுவர்களில் ஏறிவிட்டன. கட்டணம், ஸ்வெட்டர், மழைக்கோட்டு, டார்ச் லைட், தட்டு, தம்ளர் என்று வேண்டியதெல்லாம் அவற்றில் அச்சாகியிருக்கிறது. பிள்ளைகளோடு இரவும் பகலும் இருக்கப்போகும் பெரியவர்கள் யார், அவர்களுக்கு என்ன பயிற்சி தரப்பட்டிருக்கிறது என்ற ஒரு வரி மட்டும் நான் பார்த்த எந்தத் துண்டறிக்கையிலும் இல்லை.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலைத் தடுப்பது எப்படி என்று ஒரு முழு நாள் பயிற்சி பெறாத எந்தப் பெரியவரிடமும் இந்த ஆண்டு முதல் பிள்ளைகளின் பொறுப்பை ஒப்படைக்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, எத்தனை ஆண்டு சேவை செய்தவராக இருந்தாலும் சரி. நிர்வாகிகளாகிய உங்களுக்கும் இது பொருந்தும்.

உங்கள் பணியின் அருமை தெரிந்தே எழுதுகிறேன். கூடலூர்ப் பக்கமும் பின்னர் கோத்தகிரிப் பக்கமும் அரசுப் பள்ளிகளில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஒரு மாலை வகுப்பில் உதவி வருகிறேன். காலையில் இலை பறிக்கப் போன தாய் திரும்பி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் லைன் வீடுகள், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், எனக்குப் பழக்கமானவை. பள்ளி விட்ட பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் மைதானமும் உங்கள் கூடமும்தான் போக்கிடம். பந்து உதைக்கக் கற்றுத்தரும் ஓர் அண்ணனும், பாட்டுச் சொல்லித்தரும் ஓர் அக்காவும் இல்லையென்றால் அந்த மாலைப் பொழுதைப் பிள்ளை எங்கே, யாரோடு கழிக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. ஒரு பைசா வாங்காமல், தங்கள் விடுமுறையைக் கொடுத்து உழைக்கும் தன்னார்வலர்களால்தான் இந்த மலையில் பிள்ளைகளுக்கான காரியங்களில் பெரும்பகுதி நடக்கிறது. அவர்களைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதும் அதனால்தான்.

இதுவரை நாம் செய்ததெல்லாம் குழந்தைக்குப் பாடம் நடத்தியதுதான். நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று படம் காட்டுகிறோம். சத்தம் போடு, ஓடிவிடு, நம்பிக்கையானவரிடம் சொல் என்கிறோம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மனப்பாடம் செய்யவைக்கிறோம். இவை தேவையானவை, நானும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை யாரைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று கத்த வேண்டும்? தனக்கு ஷூ வாங்கித் தந்தவரை. அப்பா எழுந்து நின்று கும்பிடும் ஒருவரை. மாவட்ட அணியில் இடம் வாங்கித் தருவதாகச் சொன்னவரை. ஒரு பெரியவரின் தந்திரத்தை முறியடிக்கும் வேலையைக் குழந்தையின் தலையில் கட்டிவிட்டு, பக்கத்தில் நிற்கும் பத்துப் பெரியவர்களுக்கு ஒன்றுமே கற்பிக்காமல் விட்டிருக்கிறோம். இது நியாயமே இல்லை.

மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வுக்காக 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். அவர்களில் 53 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் ஆண்பிள்ளைகள். இந்தச் செய்தி நம் மலையில் இன்னும் யாருக்கும் உறைக்கவில்லை என்றே நினைக்கிறேன். முகாம் என்றால் பெண்பிள்ளைகளுக்குத் தனி அறை, கூட ஒரு பெண்மணி, கதவுக்குத் தாழ்ப்பாள் என்று பார்க்கிறோம். பையன்களை ஒரே கூடத்தில் படுக்கவைத்து, யாரோ ஓர் அண்ணனிடம் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாப்பதற்கான போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது. ஆண், பெண் என்ற பிரிவு அதில் கிடையாது.

அதே ஆய்வில், அத்துமீறியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது குழந்தையின் நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரிய இடத்தில் இருந்தவர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளை எடுத்துக்கொண்டால், போக்சோ வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர். இரவில் வரும் அந்நியனுக்காக நாம் வாசலில் காவல் காக்கிறோம். ஆபத்து பெரும்பாலும் நாமே அழைத்து உட்காரவைத்தவரிடமிருந்து வருகிறது.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒரு முகாம் நடந்தது நினைவிருக்கும். தேசிய மாணவர் படைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பயிற்சியாளர் என்று வந்தவர் 13 வயது மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகவும், வேறு பல மாணவியரிடம் அத்துமீறியதாகவும் வழக்குப் பதிவானது. தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். சீருடையும் விசிலும் கம்பீரமான குரலும் இருந்தால் போதும், நம் பிள்ளைகளை ஒப்படைத்துவிடுவோம் என்பதை அந்த முகாம் காட்டியது. அது சமவெளியில் நடந்தது, நம் மலையில் நடக்காது என்று சொல்ல என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்?

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குக் கொடுக்கப்பட்ட விலை மிகப் பெரிது. அமெரிக்காவின் பாய் ஸ்கவுட்ஸ் அமைப்பு, தகுதியற்றவர்கள் என்று விலக்கிய தன்னார்வலர்களைப் பற்றி 1920-களிலிருந்தே ரகசியக் கோப்புகள் வைத்திருந்தது. அவற்றில் பல சம்பவங்கள் போலீசுக்குப் போகவே இல்லை. 2012-இல் ஓரிகன் மாநில உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் ஆயிரக்கணக்கான பக்கங்கள் வெளியாயின. 2020 பிப்ரவரியில் அந்த அமைப்பு திவால் மனு கொடுத்தது. 82,000-க்கும் மேற்பட்டோர் சிறுவயதில் தங்களுக்கு நேர்ந்ததற்கு இழப்பீடு கோரினார்கள். கடைசியில் உருவான இழப்பீட்டு நிதி ஏறத்தாழ 246 கோடி டாலர். இன்று அங்கே பாதுகாப்புப் பயிற்சி முடிக்காத எந்தப் பெரியவரும் தன்னார்வலராகப் பதிவு செய்ய முடியாது. எந்த நிகழ்ச்சியிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒரு பெரியவரும் ஒரு சிறுவரும் மட்டும் தனித்திருப்பதற்கு அனுமதியே இல்லை. பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகள் பட்ட துன்பத்தின் மேல் எழுதப்பட்ட விதிகள் இவை. நமக்கு அவை இலவசமாகக் கிடைக்கின்றன. எடுத்துக்கொள்வதில் என்ன தயக்கம்?

நம் நாட்டுச் சட்டமும் இதைச் சொல்கிறது. 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகளில் மூன்றாம் விதி, குழந்தைகளோடு தொடர்ந்து தொடர்பிலிருக்கும் எந்த நிறுவனமும், விளையாட்டுப் பயிற்சி மையங்கள் உட்பட, தன் பணியாளர்களைப் போலீஸ் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும் என்கிறது. குழந்தைப் பாதுகாப்பு பற்றிக் குறிப்பிட்ட கால இடைவெளியில் அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. ஆனால் அந்த விதி பேசுவது பணியாளர்களைப் பற்றி. சம்பளம் வாங்காத தன்னார்வலர் அதில் தெளிவாக இல்லை. பள்ளி ஆசிரியருக்குப் பயிற்சி உண்டு. சனிக்கிழமை காலை அதே பள்ளி மைதானத்தில் அதே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வரும் இளைஞருக்குக் கிடையாது. இந்த இடைவெளியைச் சட்டம் அடைக்கட்டும் என்று காத்திருக்க நமக்கு நேரமில்லை. நாமே அடைத்துவிடலாம்.

போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டோம், அது போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். வாங்குங்கள், கட்டாயம் வாங்குங்கள். ஆனால் முன்பு பிடிபட்டவரை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும். பெரும்பாலான அத்துமீறல்கள் புகாராகவே மாறுவதில்லை. சான்றிதழ் சுத்தமாக இருக்கும் ஒருவர் என்ன செய்கிறார் என்பதைப் பக்கத்தில் நிற்பவர் கண் திறந்து பார்க்கப் பழக வேண்டும். பயிற்சி அதற்காகத்தான்.

அந்தப் பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்? குழந்தையை வசப்படுத்தும் முறைதான் முதல் பாடம். இது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் தனிமையில் இருக்கும் பிள்ளையைத் தேர்ந்தெடுப்பார்கள்: தந்தை குடிப்பவர், தாய் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், பாட்டியிடம் வளர்வது, பேச்சுத் திக்குவது, காது சரியாகக் கேட்காதது. பிறகு குடும்பத்தின் மதிப்பைச் சம்பாதிப்பார்கள். பரிசு வரும், போன் ரீசார்ஜ் வரும், பஸ் செலவுக்குப் பணம் வரும். ‘நீ மற்றவர்களைப் போல் இல்லை’ என்ற புகழ்ச்சி வரும். விளையாட்டுப்போல ஒரு கிள்ளல், ஒரு கிச்சுக்கிச்சு. யாரும் ஒன்றும் சொல்லவில்லையென்றால் அடுத்த அடி. சின்னச் சின்ன ரகசியங்கள் தொடங்கும்: ‘உனக்கு மட்டும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன், யாரிடமும் சொல்லாதே.’ இந்தப் படிகளைத் தெரிந்த பெரியவர் ஐஸ்கிரீம் கட்டத்திலேயே குறுக்கே நிற்பார். தெரியாதவர், எவ்வளவு அன்பான மனிதர் என்று பாராட்டிவிட்டுப் போவார். குற்றத்தை நிரூபித்த பிறகுதான் பேச வேண்டும் என்பதில்லை; விதி மீறப்பட்டால் அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும், இது நம் விதியில் இல்லை என்று சொல்லலாம். விதி எழுதி வைத்திருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

அந்த விதிகளை வேறு ஊரிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினால் நம் மலைக்குப் போதாது. இங்கே குளிர்தான் பெரிய சாக்கு. ‘பிள்ளைக்குக் குளிர்கிறது’ என்று ஒரே கம்பளிக்குள் பெரியவரும் சிறுவரும் படுப்பதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். கேள்விப்பட்டவர்கள் யாரும் அதைத் தவறாக நினைக்கவும் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கம்பளி இல்லாத முகாமை நடத்தாதீர்கள். பெரியவர்கள் படுக்கும் இடம் வேறாக, ஆனால் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கட்டும். வெந்நீர் ஒரே இடத்தில்தான் கிடைக்கிறது என்றால் பெரியவர்கள் குளிக்கும் நேரமும் பிள்ளைகள் குளிக்கும் நேரமும் வேறு வேறு. மழையில் நனைந்து வந்தால் உடை மாற்றும் இடத்தில் எந்தப் பெரியவருக்கும், யார் கையிலிருக்கும் போனுக்கும் இடமில்லை. பந்தலூர், சேரம்பாடிப் பக்கம் மழைக்காலத்தில் காட்டுக்குள் நடை போனால் அட்டை கடிக்கும். பிள்ளைகளின் உடம்பில் அட்டை தேடுவது என்ற பெயரில் ஒருவர் ஒரு பிள்ளையைத் தனியே அழைத்துப்போகக் கூடாது. பிள்ளைகளே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள்; உதவி தேவைப்பட்டால் இரண்டு பெரியவர்கள், திறந்த இடத்தில்.

பிறகு ஜீப். பயிற்சி முடியும்போது பனிமூட்டம் இறங்கியிருக்கும், கடைசி பஸ் போயிருக்கும். ஒவ்வொரு மட்டமாக, ஒவ்வொரு ஹட்டியாக, ஊர் ஊராகப் பிள்ளைகளை இறக்கிக்கொண்டே போகும் ஜீப்பில் கடைசியில் ஓட்டுநரும் ஒரே ஒரு பிள்ளையும் மிஞ்சுவார்கள். இது தினமும் நடக்கிறது. யாரும் இதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. தீர்வு கடினமானதல்ல. இன்னொரு பெரியவர் கடைசி வரை கூடப் போகலாம், அல்லது கடைசி இரு பிள்ளைகளின் பெற்றோரும் ஒரே இடத்துக்கு வந்து அழைத்துப்போகலாம். பயிற்சியை அரை மணி நேரம் முன்னதாக முடித்துக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வைப்பது இன்னும் நல்லது. போனில் பேசுவதற்கும் இதே கணக்குதான்: பயிற்சியாளர் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோரும் இருக்கும் குழுவில் அனுப்பட்டும்.

ஒரு பிள்ளை வாய் திறந்து சொன்னால் என்ன செய்வது என்பதைத்தான் பயிற்சியில் அதிக நேரம் ஒத்திகை பார்க்க வேண்டும். முழுதாகக் கேளுங்கள். குறுக்கே கேள்வி கேட்டு விசாரணை நடத்தாதீர்கள். ‘ஏன் அன்றைக்கே சொல்லவில்லை’ என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள், ஏனென்றால் அதைக் காப்பாற்ற உங்களுக்கு உரிமை இல்லை. சொன்னது நல்லது, உன் மேல் தவறில்லை, இதற்கு உதவக்கூடியவர்களிடம் நான் சொல்வேன் என்று சொல்லுங்கள். பிள்ளை பேசிய சொற்களை அப்படியே தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்காதீர்கள். அது பிள்ளையை ஆபத்தில் தள்ளும், சாட்சியத்தையும் அழிக்கும்.

பிறகு போலீசுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு இதை எல்லோர் மீதும் கடமையாக்குகிறது. குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே போதும். தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. தனக்குக் கீழிருப்பவரின் குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது எந்த வழக்கும் போட முடியாது. ‘முதலில் நாங்கள் கமிட்டி போட்டு விசாரிக்கிறோம்’ என்று சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. பேசி முடித்துவிடலாம் என்று உட்கார எந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கும், சபைக்கும், சங்கத்துக்கும் உரிமை கிடையாது. ஊர் மானம், அமைப்பின் பெயர், அந்தப் பெண்ணின் எதிர்காலம் என்று பேசி முடித்துவைத்த வீடுகளில் அந்தப் பிள்ளைகள் பின்னர் எப்படி வளர்ந்தார்கள் என்பதை ஆசிரியையாக நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

ஸ்டேஷனுக்குப் போகப் பெற்றோர் பயப்படுவார்கள். அவர்களுக்குச் சொல்லத் தன்னார்வலருக்குத் தெரிந்திருக்க வேண்டும்: பிள்ளை ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலேயோ பிள்ளை விரும்பும் இடத்திலேயோ பதிவு செய்ய வேண்டும், இயன்றவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல். பெண்பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது. ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கும் இது பொருந்தும்.

மொழியை மறந்துவிடக் கூடாது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் வீட்டுப் பிள்ளைகளும், தோட்ட வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் உங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழில் கணக்குச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தன் உடம்புக்கு நேர்ந்ததைத் தமிழில் சொல்லத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். மொழிபெயர்ப்பாளரின் உதவியைப் போக்சோ சட்டத்தின் 26-ஆம் பிரிவே அனுமதிக்கிறது. அந்தப் பிள்ளைகளின் மொழி பேசும் ஒருவரையாவது, குறிப்பாகப் பெண்களை, உங்கள் தன்னார்வலர் குழுவில் சேர்த்து அவருக்கும் பயிற்சி கொடுங்கள்.

இப்படியெல்லாம் கெடுபிடி செய்தால் நல்லவர்கள் வரமாட்டார்கள் என்று ஒரு நிர்வாகி என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். அவர் கவலை உண்மையானது. ஆனால் என் அனுபவம் வேறு மாதிரி. உண்மையாகவே பிள்ளைகளுக்காக வருகிறவர் விதியைக் கேட்டதும் நிம்மதி அடைகிறார், ஏனென்றால் தன்மீது வீண்பழி விழாமல் அது காக்கிறது. தனியாக இருக்க அனுமதி வேண்டும் என்று வற்புறுத்துகிறவர் யார் என்றுதான் நாம் கேட்க வேண்டும். ஒரு நாள் உட்கார மறுப்பவர் வராமலே இருக்கட்டும். மைதானம் ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை.

மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் இந்தப் பயிற்சியை நடத்தும் தகுதி உள்ளவை. ஆனால் உதகையில் மட்டும் நடத்தினால் சேரம்பாடியிலிருந்து வருபவருக்குப் போகவும் வரவுமே ஒரு நாள் கழிந்துவிடும். கூடலூர், குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் ஆகிய இடங்களிலும், தோட்டத்துக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில், ஏப்ரலுக்குள் நடத்துங்கள். அரசு மைதானத்தையோ சமுதாயக் கூடத்தையோ பிள்ளைகள் நிகழ்ச்சிக்குக் கேட்பவரிடம் பயிற்சி பெற்றவர்களின் பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் இல்லையென்றால் அனுமதி இல்லை என்று உத்தரவிடுங்கள்.

இதைப் படிக்கும் பெற்றோர்களே, நிர்வாகிகள் பதில் சொல்லும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பணம் கட்டும் முன் கேளுங்கள்: இரவில் பிள்ளைகளோடு தங்கும் பெரியவர்கள் எத்தனை பேர், அவர்கள் பயிற்சி பெற்ற தேதி என்ன, புகார் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும். கேட்டதற்காக முகம் சுளித்தால், பதில் சொல்ல மறுத்தால், அந்த முகாமுக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோத்தகிரி